அண்ணாந்து பார்க்கும் அறை

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் என் அக்காள் மகள் கும்பகோணத்திலிருந்து வந்து, சாப்பாட்டு மேசையின் மீது ஒரு வரைபடத்தை விரித்தாள். பல் மருத்துவம் படித்தவள். நான்கு ஆண்டுகள் பிறருடைய மருத்துவமனைகளில் வேலை பார்த்துவிட்டு, இப்போது வங்கிக் கடனில் சொந்தமாக ஒன்று தொடங்க இருக்கிறாள். கடைத்தெருவில் முதல் மாடி, 420 சதுர அடி. காத்திருப்போருக்கு இடம், சிகிச்சை அறை, எக்ஸ்ரே, கருவிகளை நீராவியில் தூய்மை செய்ய ஒரு மூலை, கழிப்பறை அனைத்தும் அதற்குள் அடங்கவேண்டும்.

"நாற்காலியை எந்தத் திசை பார்த்துப் போடறதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க மாமா. நீங்கதான் எதையாவது படிச்சுக்கிட்டே இருப்பீங்களே, சொல்லுங்க" என்றாள். வாஸ்து பார்த்தவர் கிழக்கு என்றாராம். அலங்கார வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர், தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்றாராம். அவர் கொடுத்த மதிப்பீட்டுத் தாளைப் பார்த்தேன். பெருந்தொகை வரவேற்பு மேசைக்குப் பின்னாலிருக்கும் சுவருக்குப் போயிருந்தது. பெயர்ப்பலகை, மறைவிளக்குகள், மரப் பலகை ஒப்பனை. சிகிச்சை அறையின் மேற்கூரைக்கு எதிரே 'வெள்ளைப் பூச்சு' என்று ஒரே வரி.

எனக்குப் பல் மருத்துவம் தெரியாது, பல்வலி தெரியும். அந்தத் தகுதியில் சில வாரங்கள் இதைப் பற்றிப் படித்தேன். படித்தவரையில் எனக்குப் பட்டது இது: பல் மருத்துவரின் அறையை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வடிவமைத்து வந்தது மருத்துவரின் கண். நோயாளியின் கண் என்று ஒன்று இருப்பது அண்மையில்தான் யாருக்கோ நினைவு வந்திருக்கிறது.

தொடக்கத்தில் அறையே கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் பாரிஸ் நகரத்தின் போன் நெஃப் பாலத்தில் 'பெரிய தோமா' என்று பெயர்பெற்ற ஓர் ஆஜானுபாகு வண்டியில் நின்று பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் கூட்டம். தெருவில் பல் பிடுங்கியவர்கள் மேளமும் எக்காளமும் முழங்க வைத்ததுண்டு. கூட்டம் சேர்க்கவும் ஆயிற்று, அலறலை மறைக்கவும் ஆயிற்று. நோயாளியைத் தரையில் உட்காரவைத்து, அவர் தலையை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு பிடுங்குவது பலரது வழக்கம். அதே பாரிஸில் 1728இல் பல் மருத்துவத்தின் முதல் பெருநூலை வெளியிட்ட பியேர் ஃபொஷார் இந்த வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார். தரையில் அமர்த்துவது அநாகரிகம், அசுத்தம், அச்சுறுத்துவது, கர்ப்பிணிகளுக்குத் தீங்கானது என்பது அவர் வாதம். அசையாத, கைவைத்த நாற்காலி ஒன்றில் நோயாளியைச் சாய்த்து அமரவைக்கச் சொன்னார். நாற்காலி வந்தவுடன் அதைப் போட ஓர் இடம் வேண்டியதாயிற்று. பல் மருத்துவரின் அறை அங்கே பிறக்கிறது எனலாம்.

அதன்பின் நாற்காலியின் வரலாறு தச்சரிடமிருந்து பொறியாளருக்குக் கைமாறிய வரலாறு. பாஸ்டன் நகரத்து ஜோசையா ஃபிளாக் 1790 வாக்கில் ஓர் எழுத்து நாற்காலியில் தலைதாங்கியையும் கருவித் தட்டையும் பொருத்தினார். லண்டனின் ஜேம்ஸ் ஸ்னெல் 1832இல் சாயும் நாற்காலி செய்தார். 1871இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் மாரிசன், தையல் இயந்திரத்தைப் போலக் காலால் மிதித்து ஓட்டும் துளைப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். ஒற்றைக் காலில் நின்று, மறு காலால் மிதித்துக்கொண்டே, ஓர் அங்குலத்தில் சிறு பின்னமாயிருக்கும் சொத்தையைப் பார்த்துத் துளைக்கவேண்டும். நம்மூர்த் தையற்காரராவது உட்கார்ந்து மிதிக்கிறார்.

இப்போது திசைக்கு வருகிறேன். மின்விளக்கு வருமுன் வாய்க்குள் வெளிச்சம் விழ ஒரே வழி சன்னல். ஆகவே மாடி அறை, தெருவை நோக்கிப் புடைத்த பெரிய சன்னல், அதை ஒட்டி நாற்காலி. அமெரிக்க மருத்துவர்கள் வடக்குச் சன்னலை விரும்பினார்கள், ஓவியர்களைப் போலவே. வடக்கு வெளிச்சத்தில் வெயில் நேராக விழாது, நாள் முழுதும் நிறம் மாறாது. (நம் அட்சரேகையில் இது முழு உண்மையன்று. சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் கும்பகோணத்துக்கு வடக்கேதான் நிற்கிறான். வாஸ்துக்காரரிடம் இதைச் சொல்லவில்லை.)

அந்தச் சன்னல் அறையை அப்படியே பார்க்க விரும்புவோருக்கு அருங்காட்சியகத்தை விட ஒரு நாவல் உதவும். ஃபிராங்க் நாரிஸ் 1899இல் வெளியிட்ட 'மக்டீக்'. சான் ஃபிரான்சிஸ்கோவின் போல்க் தெருவில் தொழில் செய்யும் பல் மருத்துவன் அதன் நாயகன். ஊர் ஊராகச் சுற்றிய ஒரு போலியிடம் தொழில் கற்றவன், கல்லூரிப் பட்டமில்லாதவன். அவன் வைத்திருப்பது ஒரே அறை. அங்கேயே சிகிச்சை, அங்கேயே படுக்கை. சன்னலருகே நாற்காலி, கூண்டில் ஒரு கேனரிப் பறவை, அடுப்பின் முன் கல்லில் செய்த நாய்ப்பொம்மை, சுவரில் மெடிச்சி அரசவையைக் காட்டும் செதுக்குப் படம். அந்தப் படத்தை அவன் வாங்கிய காரணத்தை நாரிஸ் சொல்லுமிடத்தில் சிரிக்காமலிருக்க முடியாது: கொடுத்த காசுக்கு அதில் நிறைய மனிதர்கள் இருந்தார்களாம். அலங்காரம் பற்றிய இத்தனை நேர்மையான கொள்கையை நான் வேறெங்கும் படித்ததில்லை. ஒப்பந்தக்காரரின் மதிப்பீட்டுத் தாளும் ஏறக்குறைய அதைத்தான் பேசுகிறது.

மக்டீக்கின் கனவெல்லாம் சன்னலுக்கு வெளியே தொங்கப்போகும் ஒரு பெயர்ச்சின்னம். தங்க முலாம் பூசிய, ராட்சதக் கடைவாய்ப்பல். அவன் மணக்கவிருக்கும் பெண் அதைப் பிறந்தநாள் பரிசாகத் தருகிறாள். பிற்பாடு பட்டமில்லை என்று நகராட்சி தொழிலைத் தடுத்துவிட, அந்தத் தங்கப் பல் சிற்றறையின் மூலையில் எச்சில் தட்டுகளை அடுக்கும் மேசையாகிறது. எரிக் வான் ஸ்ட்ரோஹைம் இந்நாவலை 1924இல் 'கிரீட்' என்று மௌனப் படமாக எடுத்தார். முகப்புக்குச் செலவழித்த பொருள் உள்ளே பாத்திரம் வைக்கும் பலகையாகும் கதை எனக்கு அந்த மரப் பலகைச் சுவரை நினைவூட்டிக்கொண்டே இருந்தது. அக்காள் மகளிடம் சொல்ல மனம் வரவில்லை. கடன் வாங்கியிருப்பவளிடம் சொல்லக்கூடிய கதையன்று.

சிறுவயதில் தாத்தாவுடன் சென்னையில் ஒரு சீனப் பல் மருத்துவரிடம் போயிருக்கிறேன். ஹூபெய் மாகாணத்திலிருந்து வந்து இந்திய நகரங்களில் பரம்பரையாகத் தொழில் செய்த குடும்பங்களில் ஒன்று. தெருவை நோக்கிய கண்ணாடிப் பேழையில் பல் செட்டுகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. உள்ளே என்ன இருந்தது என்று இப்போது நினைவில்லை. பேழை மட்டும் மறக்கவில்லை.

தெருவின் கண்ணுக்காகச் செய்யப்பட்ட அலங்காரத்தின் உச்சம் அமெரிக்காவில் 'பெயின்லெஸ்' பார்க்கர். 'வலியில்லாத' என்ற சொல்லை விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று நெருக்கியபோது, 1915இல் சட்டப்படி தன் பெயரையே அவ்வாறு மாற்றிக்கொண்டவர். வாத்தியக் கோஷ்டியோடு திரிந்தார். ஒரே நாளில் பிடுங்கியவை என்று சொல்லி 357 பற்களைக் கோத்து மாலையாக அணிந்தார். அம்மாலை இன்று ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்துப் பல் மருத்துவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போன் நெஃப் பாலத்து மேளத்துக்கும் இந்த வாத்தியத்துக்கும் இடையே நூற்றைம்பது ஆண்டுகள், உபயோகம் ஒன்றுதான்.

இதே காலத்தில் அறையை உள்ளிருந்து மாற்றியவர் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த எட்மண்ட் கெல்ஸ். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். தெருவில் வந்த மின்சாரத்தைச் சிகிச்சை அறைக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். 1885இல் மால்வினா க்வேரியா என்ற பெண்ணை உதவியாளராக அமர்த்தினார். பெண்கள் துணையின்றி மருத்துவரிடம் போகத் தயங்கிய காலம் அது. 'பெண் உதவியாளர் உண்டு' என்ற அறிவிப்பு பல் மருத்துவர்களின் சன்னல்களில் தோன்றலாயிற்று. ஓர் அறையை அச்சமின்றி நுழையத்தக்கதாக்கியது சாயமோ திரைச்சீலையோ அல்ல, உள்ளே இன்னொரு பெண் இருக்கிறாள் என்ற செய்தி. பல் அறை அலங்கார வரலாற்றில் இதற்கு முதலிடம் தருவேன்.

ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895இன் இறுதியில். சில வாரங்களில் ஜெர்மனியின் ஓட்டோ வால்க்ஹாஃப் தன் வாயிலேயே தகட்டை வைத்து 25 நிமிடம் அசையாது படுத்துப் பற்களைப் படமெடுத்தார். 1896இலேயே கெல்ஸும் தொடங்கிவிட்டார். கருவியைச் சரிபார்க்க அன்று ஒரு வழி இருந்தது: கதிருக்கு முன்னால் தன் கையைப் பிடித்துப் பார்ப்பது. கெல்ஸ் ஆண்டுக்கணக்கில் அப்படிப் பிடித்தார். விரல்கள் போயின, பிறகு கை போயிற்று, 1928இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இத்தனைக்கும் பாஸ்டனின் வில்லியம் ராலின்ஸ் என்ற இன்னொரு பல் மருத்துவர், கினிப் பன்றிகளை வைத்துச் சோதித்து, ஈயத் தடுப்பு வேண்டும் என்று 1901இலேயே எச்சரித்திருந்தார். அக்காள் மகளின் வரைபடத்தில் எக்ஸ்ரே மூலையைச் சுற்றி ஒரு தடித்த கோடு இருந்தது. வெறும் கோடு என்று நினைத்துத்தான் முதலில் தாண்டிப் போனேன்.

வெண்மையின் கதை சுருக்கமானது. கிருமிக் கொள்கை வேரூன்றியபின் கம்பளமும் பட்டுத்திரையும் வெளியேறின. வாய்க்குள் ஒளிந்திருக்கும் சீழ் உடல் முழுவதையும் கெடுக்கிறது என்று 1910இல் மாண்ட்ரியால் நகரில் வில்லியம் ஹண்டர் ஆற்றிய உரை அவ்வேகத்தைக் கூட்டியது. வெள்ளை ஓடு, வெள்ளை எனாமல், வெள்ளை அங்கி. அழுக்கு மருத்துவரின் கண்ணுக்குத் தப்பக் கூடாது. நியாயமான ஏற்பாடுதான்.

உண்மையான புரட்சி 1957இல் வந்தது. ஜான் போர்டன் உருவாக்கிய காற்றுச்சுழலித் துளைப்பான் நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்றது. பழைய பட்டைத் துளைப்பான்கள் ஆயிரக்கணக்கில் சுழன்றவை. அவ்வளவு வேகத்தில் பல் சூடேறும், எனவே தண்ணீர் தெளிக்கவேண்டும். தண்ணீர் தேங்கும், எனவே உறிஞ்சுகுழாய் வேண்டும். அதைப் பிடிக்க எதிர்ப்புறம் உதவியாளர் ஒருவர். இருவரும் அமர்ந்து வேலை செய்ய வேண்டுமானால் நோயாளி படுக்கவேண்டும். 1958இல் முழுதாகச் சாயும் நாற்காலி சந்தைக்கு வந்தது. ஜப்பானில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் டேரில் பீச்சின் கருத்தைக்கொண்டு மொரிட்டா நிறுவனம் 1964இல் படுக்கையையே ஒத்த ஒன்றை வெளியிட்டது. வாழ்நாளெல்லாம் நின்று முதுகு வளைந்த மருத்துவர்களுக்கு அது விடுதலை.

நோயாளிக்கு என்ன நேர்ந்தது என்பதை அன்று யாரும் பெரிதாகக் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. ஃபொஷாரின் நாற்காலி அவரைத் தரையிலிருந்து எழுப்பி மனிதராக அமர்த்தியது. இப்போது மறுபடி மல்லாத்தியாயிற்று. சன்னல் போயிற்று, தெரு போயிற்று, சுவரில் மாட்டிய படங்கள் போயின. அவருக்கு மிஞ்சியது ஒரு விளக்கு, முகமூடியணிந்த இரு தலைகள், மேற்கூரை. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல் மருத்துவமனையின் அழகை நோயாளி காண்பது நுழையும்போதும் பணம் கட்டும்போதும் மட்டுமே.

1969இல் நார்மன் கோரா பல் மருத்துவ அச்சத்தை அளக்க நான்கு கேள்விகள் வகுத்தார். நாளைக்குப் போகவேண்டுமென்றால் எப்படி இருக்கிறது, முன்னறையில் முறைக்காகக் காத்திருக்கும்போது எப்படி, நாற்காலியில் அமர்ந்திருக்க மருத்துவர் துளைப்பானை ஆயத்தம் செய்யும்போது எப்படி, சுத்தம் செய்யும் கருவிகளை எடுக்கும்போது எப்படி. கூர்ந்து பார்த்தால் நான்கும் காத்திருத்தலைப் பற்றியவை. வலியைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆரன் கட்சரும் தோழர்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வு, பல் அறுவைக்குக் காத்திருந்தவர்களில் சிலரை மீன்தொட்டியையும் சிலரை ஒட்டுப்படத்தையும் பார்க்கவைத்தது. சிலருக்கு மனோவசியமும் செய்தார்கள். மீன்தொட்டியை வெறுமனே பார்த்தவர்களின் அச்சம், மனோவசியம் செய்யப்பட்டவர்களுக்கு இணையாகத் தணிந்தது. படத்தை வெறுமனே பார்த்தவர்களுக்கு அத்தனை பயனில்லை. மெடிச்சி அரசவையின் நெரிசலைவிட நான்கு மீன்கள் மேல்.

வாசனைக்கும் கதையுண்டு. பல் அறையின் அந்த வாடை பெரும்பாலும் கிராம்பிலுள்ள யூஜெனால். நமக்கு அது பிரியாணி, பாட்டி பல்வலிக்கு வைத்த பஞ்சு. பல் மருத்துவரிடம் அஞ்சுபவர்களுக்கோ அதே மணம் அச்சத்தை எழுப்புகிறது என்று 1999இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டு வியன்னாவில் ஆரஞ்சு மணத்தைக் காத்திருப்பு அறையில் பரப்பிப் பார்த்தார்கள். பெண்களின் பதற்றம் குறைந்திருந்தது.

இவற்றையெல்லாம் தொலைபேசியில் சொன்னபோது அவள் மீன்தொட்டிக்குச் சிரித்தாள். "அதை யார் மாமா கழுவறது?" என்றாள். சிகிச்சை அறைக்குக் கண்ணாடித் தடுப்பா செங்கல் சுவரா என்ற விவாதத்தை 2020இன் கொரோனாவே முடித்துவைத்திருந்தது. துளைப்பான் தெறிக்கவைக்கும் நுண்துளிகளை எண்ணி அவள் கதவும் காற்றுப்போக்கியும் உள்ள மூடிய அறையைத்தான் வரைந்திருந்தாள்.

புரட்டாசியில் கும்பகோணம் போனேன். பூச்சு வேலை முடிந்து நாற்காலி இன்னும் வந்திறங்கவில்லை. நாற்காலி நிற்கவேண்டிய இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்திருந்தார்கள். அவள் கீழ்வீட்டிலிருந்து ஒரு பாயை வாங்கிவந்து அந்தக் கோடுகளுக்குள் விரித்து, கால் நீட்டிப் படுத்துக்கொண்டாள். ஐந்து நிமிடம் போல ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னையும் படுக்கச் சொன்னாள். நேர் மேலே மின்விசிறியின் மூன்று இறக்கைகள், முகத்தை நோக்கி இறங்கிவருவதுபோல் சுழன்றுகொண்டிருந்தன. அதற்கப்பால் மழைநீர் கசிந்த ஒரு பழுப்புத் திட்டு.

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு ஒப்பந்தக்காரரை அழைத்தாள். வரவேற்புச் சுவருக்கு மரப் பலகை வேண்டாம், அந்தப் பணத்தில் முதலில் இந்தக் கசிவை அடையுங்கள், விசிறியை மூன்றடி தள்ளிச் சுவரில் மாட்டுங்கள் என்றாள். அவர் மறுமுனையில் ஏதோ வாதாடினார். "அண்ணே, நீங்க ஒரு தடவை வந்து இங்க படுத்துப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லி அலைபேசியை வைத்துவிட்டுப் பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.