மனசு ரெடி... உடம்பு ரெடியா? பல வருஷம் கழித்து சியர்லீடிங் களத்துக்குத் திரும்புறவங்களுக்கு ஒரு கைடு!

ஸ்கூல்லயோ காலேஜ்லயோ சியர் டீம்ல இருந்தீங்க. அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தைன்னு வாழ்க்கை எங்கெங்கோ போயிடுச்சு. திடீர்னு ஒருநாள் ரீல்ஸ்ல யாரோ பேக் டக் அடிக்கிறதைப் பார்த்ததும் கை, கால் எல்லாம் துறுதுறுங்குது. 'நாமும் இதெல்லாம் பண்ணினவங்கதானே... இப்பவும் முடியுமா?'

முடியும். ஆனா, விட்ட இடத்திலிருந்து இல்லை.

இது வேற லெவல் விளையாட்டு!

நம்ம ஊர்ல சியர்லீடிங்னா 2008-ல் ஐ.பி.எல் பவுண்டரி லைன்ல ஆடினவங்கதான் பலருக்கும் ஞாபகத்துக்கு வருவாங்க. போட்டி சியர்லீடிங் அது இல்லை. 1898-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்தைச் சேர்ந்து குரல் கொடுக்கவைத்ததுதான் இதன் தொடக்கம். இன்று ஜிம்னாஸ்டிக்ஸ், நடனம், ஆளை மேலே தூக்கும் ஸ்டன்ட் எல்லாம் சேர்ந்த முழு விளையாட்டு. 2021-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கு முழு அங்கீகாரம் கொடுத்தது.

ஆல்-ஸ்டார் போட்டிகளில் ஒரு ரொட்டீனுக்கு அதிகபட்சம் இரண்டரை நிமிஷம். 'இவ்ளோதானா?' என்று நினைக்காதீங்க. 54 அடிக்கு 42 அடி மேட்டில் அந்த இரண்டரை நிமிஷமும் ஓடணும், குதிக்கணும், தலைகீழாகப் புரளணும், ஒருவரைத் தலைக்கு மேலே தூக்கணும்... முகத்தில் சிரிப்பும் மாறக் கூடாது!

உடம்பு எதை மறக்கும்?

பயிற்சியை நிறுத்தினால் முதலில் போவது மூச்சு. சில வாரங்களிலேயே இதயம், நுரையீரலின் தாக்குப்பிடிக்கும் திறன் இறங்க ஆரம்பிக்கும். தசை பலம் அதைவிட மெதுவாகக் குறையும். நல்ல செய்தி என்னன்னா, முன்பு பயிற்சி செய்த தசை, புதுசாக ஆரம்பிப்பவரைவிட வேகமாகப் பழைய பலத்துக்குத் திரும்பும். கார்ட்வீல் எப்படிப் போடணும் என்பதையும் மூளை சுலபத்தில் மறக்காது.

சிக்கலே இங்கேதான். தசையைவிட தசைநாண்களும் தசைநார்களும் மெதுவாகத்தான் பலமாகும். 'சூப்பரா பண்றோமே' என்று உங்களுக்குத் தோன்றும் நேரத்தில் கணுக்கால், முட்டி, மணிக்கட்டு எல்லாம் இன்னும் தயாராகி இருக்காது. திரும்பி வர்றவங்க பலர் அடிபடுறது முதல் நாளில் இல்லை. கொஞ்சம் நம்பிக்கை வந்த பிறகுதான்.

12 வாரத் திட்டம்

முதலில் டாக்டரைப் பாருங்க. பழைய காயம், முதுகுவலி, தலையில் அடிபட்ட அனுபவம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்க. குழந்தை பெற்றவர்கள், குதிக்கும் பயிற்சிகளுக்குக் குறைந்தது 3 மாதமாவது காத்திருக்கணும். குதிக்கும்போது சிறுநீர் கசிந்தால், 'எல்லாருக்கும் அப்படித்தான்' என்று விடாமல் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்க. அதைச் சரிசெய்யப் பயிற்சிகள் இருக்கு.

1 - 4 வாரம்: அடித்தளம். வாரத்துக்கு 3 நாள் வேக நடை அல்லது மெதுவான ஓட்டம், தலா அரை மணி நேரம். 2 நாள் ஸ்குவாட், லன்ஞ், புஷ்-அப், பிளாங்க். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்க. சிரிக்காதீங்க, கணுக்காலுக்கு அது நிஜமாகவே நல்ல பயிற்சி. மணிக்கட்டுக்கு, நாலு கால் நிலையில் உடல் எடையை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கலாம்.

5 - 8 வாரம்: குதி, இறங்கு. உயரமாகக் குதிப்பதைவிட சத்தமில்லாமல் இறங்கப் பழகுங்க. முட்டி மடங்கணும், உள்பக்கமாகச் சரியக் கூடாது. சுவரோரம் ஹேண்ட்ஸ்டாண்ட், ஹாலோ ஹோல்டு, ஸ்பிளிட்டுக்கான ஸ்ட்ரெச்சிங். மூச்சுக்கு, 30 நொடி வேகம், 1 நிமிஷம் ஓய்வு என்று 5, 6 சுற்று.

9 - 12 வாரம்: ஜிம்முக்கு. மேட், பயிற்சியாளர், ஸ்பாட்டர் மூன்றும் இருந்தால் மட்டும் டம்ப்ளிங். ஃபார்வர்டு ரோல், கார்ட்வீல், ரவுண்ட்-ஆஃப் என்று வரிசையாகப் போங்க. பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங் கடைசியில். வீட்டு ஹால், மொட்டை மாடி, பீச் மணல்... எங்கேயும் தனியாக முயற்சி வேண்டவே வேண்டாம்.

இது ஒரு பொது வரைபடம்தான். ஒரு கட்டம் சரியாக வரலைன்னா அங்கேயே இன்னும் 2 வாரம் இருங்க. யாரும் துரத்தலை.

வலியைப் பிரித்துப் பாருங்க

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் உடம்பு முழுக்க இறுக்கமாக, பரவலாக வலித்தால் அது சாதாரணம். ஒரே இடத்தில் சுரீர்னு குத்தினாலோ, மூட்டு வீங்கினாலோ நிறுத்துங்க. நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் நாளே வெறித்தனமாகப் பயிற்சி செய்து, கடுமையான தசைவலியோடு சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்க. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக அது இருக்கலாம்.

தலையில் அடிபட்டால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. 'நல்லாத்தான் இருக்கேன்' என்பதெல்லாம் செல்லாது. டாக்டர் சொன்ன பிறகுதான் களம்.

பழைய யூனிஃபார்ம் அளவுகோல் இல்லை

அப்போ நீங்க ஃப்ளையரா? உயரத்தில் நின்றவருக்கு 'இனி பேஸ், பேக்ஸ்பாட்' என்று கேட்பது வலிக்கும். அதுக்காகப் பட்டினி கிடந்து எடையைக் குறைக்க நினைக்காதீங்க. சாப்பாடு குறைந்தால் பலம் குறையும், எலும்பு பலவீனமாகும். பீரியட்ஸ் தள்ளிப்போவது, நின்றுபோவது எல்லாம் உடம்பு கொடுக்கிற எச்சரிக்கை. முட்டை, பருப்பு, சுண்டல், மீன் என்று புரதம் சேருங்க, சோற்றை எதிரியாக்காதீங்க. 7, 8 மணி நேரம் தூங்குங்க. வருஷங்கள் கொடுத்த நிதானமும் பொறுமையும் நல்ல பேஸுக்குத் தேவையான குணங்கள்தான்.

கீழே இறங்கி வருவது தோல்வி இல்லை

ஆல்-ஸ்டாரில் 1 முதல் 7 வரை லெவல்கள் உண்டு. கார்ட்வீலும் ரவுண்ட்-ஆஃபும் லெவல் 1-லேயே வரும். பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங்குக்கு லெவல் 2. அந்தக் காலத்தில் லெவல் 5-ல் இருந்தவர், இன்று லெவல் 1 அல்லது 2-ல் ஆரம்பிப்பதில் எந்த அவமானமும் இல்லை. வயது உச்சவரம்பு இல்லாத ஓப்பன் டீம்களும் இருக்கின்றன.

இதில் ஈகோவைத் தாண்டிய ஒரு விஷயம் இருக்கு. ஓட்டப் பந்தயத்தில் நீங்க தயாராகாமல் போனால் தோற்பது நீங்க மட்டும்தான். இங்கே அப்படி இல்லை. உங்க தோள் தளர்ந்தால் கீழே விழுவது இன்னொருத்தர். அவரோட தலையும் கழுத்தும் உங்க கையில்தான் இருக்கு. அமெரிக்காவில் பள்ளி, கல்லூரி மாணவிகளுக்கு விளையாட்டில் ஏற்பட்ட மிகக் கடுமையான காயங்களில் பெரும்பங்கு சியர்லீடிங்கில்தான் நடந்திருக்கு. அதனால்தான் 2012-ல் அங்குள்ள குழந்தைநல மருத்துவர்கள் கழகம், 'இதை விளையாட்டாக அறிவித்து, பயிற்சி பெற்ற கோச், மருத்துவ வசதி எல்லாம் கொடுங்க' என்று கேட்டது.

அதனால டீம்ல சேரும் முதல் நாளே, எத்தனை வருஷ இடைவெளி, எந்த இடத்தில் பழைய காயம், எது பயம் என்று எல்லாவற்றையும் சொல்லிடுங்க. 'இன்னைக்கு என்னால தூக்க முடியாது' என்று சொல்லும் தைரியமும் இந்த விளையாட்டில் ஒரு ஸ்கில்தான்.

இன்னைக்கு அரை மணி நேர நடையில ஆரம்பிங்க. ஸ்டன்ட் எங்கேயும் போகாது... காத்திருக்கும்!