நூறு கிராமுக்கு முந்தைய வரலாறு: வினேஷ் போகாட்டும் எடைப்பிரிவுகளும்

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் என்றதும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எடை வரம்புக்கு மேல் கூடிப்போன 100 கிராம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த ஒரு காலைப் பொழுதை மட்டும் தனியே எடுத்துப் பேசினால் அது துரதிர்ஷ்டமாகவோ கவனக்குறைவாகவோ தோன்றும். அவருடைய சர்வதேச ஆட்டங்களை எடைப்பிரிவுகளின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் கதை வேறு. 48, 50, 53, மறுபடி 50 என்று அவர் தம் உடலை மாற்றிக்கொண்டே இருந்ததற்குப் பெரும் காரணம் ஒலிம்பிக்கின் எடைப்பிரிவுப் பட்டியல்தான்.

தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரம் வட்டாரத்தில் எடையின் பங்கைக் கபடி வழியாகச் சொன்னால் சட்டென்று விளங்கும். 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடிய மணத்தி கணேசன் இம்மாவட்டத்துக்காரர். கபடியில் எடை வெறும் மேல்வரம்பு. அதற்குள் ஒல்லியானவரும் தடித்தவரும் ஒரே அணியில் நிற்கலாம். மல்யுத்தத்தில் எதிரே நிற்பவர் யார் என்பதையே எடைதான் தீர்மானிக்கிறது.

பெண்களுக்கான முதல் உலக மல்யுத்தப் போட்டி 1987இல் நார்வேயில் நடந்தது. ஒலிம்பிக்கில் இடம் கிடைக்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏதென்ஸில் கொடுத்தது நான்கே பிரிவுகள். இந்தியாவில் 1950களில் ஹமீதா பானு ஆண்களோடு மோதிப் பெயர் வாங்கினார். ஆனால் அவரைத் தொடர்ந்து பெண்கள் வர ஒரு பயிற்சி அமைப்பு உருவாகவில்லை. அதைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் டெல்லியில் தம் மகள்களையே களத்தில் இறக்கிய சந்த்கி ராம். அவரிடம் பயின்ற மகாவீர் சிங் போகாட், ஹரியானாவின் பலாலி கிராமத்தில் தம் மகள்களையும், தந்தையை இழந்த தம்பி மகள் வினேஷையும் பயிற்றுவித்தார். மகாவீரின் மகள் கீதா 2010 டெல்லி காமன்வெல்த்தில் தங்கம் வென்றார். 2012இல் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்திய மல்யுத்தப் பெண்ணும் அவரே.

1994இல் பிறந்த வினேஷ் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 48 கிலோவில் தங்கமும், இஞ்சியோன் ஆசியப் போட்டியில் வெண்கலமும் பெற்றார். பாரிஸைப் பற்றிப் பேசுவோர் மறந்துவிடும் சம்பவம் 2016 ஏப்ரலில் மங்கோலியாவில் நடந்தது. ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் 400 கிராம் கூடியதால் அவர் ஆடவே முடியவில்லை. அடுத்த மாதம் இஸ்தான்புல்லில் வென்று ரியோ சென்றார்; அங்கே காலிறுதியில் முழங்கால் தசைநார் கிழிந்து தூக்குப்படுக்கையில் வெளியேறினார்.

2018இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. 48 கிலோ 50 ஆனது. போட்டிக்கு முந்தின நாள் மாலை ஒரே ஒரு முறை எடை பார்க்கும் வழக்கம் போய், ஆடும் இரு நாள் காலையிலும் எடை நிற்க வேண்டும் என்று ஆனது. கடுமையாக எடை குறைத்து, பிறகு ஏற்றிக்கொண்டு ஆடுவதைத் தடுப்பதே நோக்கம், நோக்கத்தில் பிழையில்லை. அவ்வாண்டு வினேஷ் ஜகார்த்தாவில் 50 கிலோவில் வென்று, ஆசியப் போட்டியில் தங்கம் பெற்ற முதல் இந்திய மல்யுத்தப் பெண்ணானார். பின்பு 53க்கு ஏறி 2019இலும் 2022இலும் உலக வெண்கலம் வென்றார். உடலுக்குத் தோதான எடை அதுவே என்று தோன்றுகிறது.

பிறகேன் கீழே இறங்கினார்? 2023இல் மல்யுத்தக் கூட்டமைப்புத் தலைவர் பிரிஜ் பூஷன் சரண் சிங் மீதான பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்காக சக மல்யுத்தர்களான சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோரோடு டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் அமர்ந்தார். புகார்களை சிங் மறுத்தார். ஆகஸ்டில் வினேஷுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. அடுத்த மாதமே அந்திம் பங்கால் 53 கிலோவில் இந்தியாவுக்கு ஒலிம்பிக் இடம் பெற்றுத் தந்தார். ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவில் ஓர் இடம்தான். உலகப் போட்டியில் 55 கிலோ உண்டு, ஒலிம்பிக்கில் கிடையாது. ஆண்களுக்கு இரு பாணிகளிலும் சேர்த்துப் பன்னிரண்டு பிரிவுகள், பெண்களுக்கு ஆறு. எஞ்சியது 50தான்.

2024 ஆகஸ்ட் 6 அன்று, சர்வதேசக் களத்தில் அதுவரை தோற்றறியாத ஜப்பானின் யுய் சுசாகியைக் கடைசி நொடிகளில் 3-2 என்று வீழ்த்தினார். அடுத்து உக்ரைனின் லிவாச், கியூபாவின் குஸ்மான் ஆகியோரையும் வென்று இறுதிக்குப் போனார். அன்று மாலை எடை வரம்புக்கு மேல் 2.7 கிலோ. இரவெல்லாம் ஓட்டம், நீராவி அறை. தண்ணீர் இல்லை, சோறு இல்லை. கடைசியில் தலைமுடியையும் வெட்டினார்கள். மறுநாள் காலை, உப்பு லாரி ஏறும் எடைமேடையில் கண்ணுக்கே படாத 100 கிராம் மட்டும் இறங்கவில்லை. அதே பாரிஸில் அமன் செராவத் பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ இறக்கி வெண்கலம் பெற்றார் என்பதையும் சொல்ல வேண்டும்.

வினேஷ் தகுதியிழந்து கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டார். மறுநாள் ஓய்வை அறிவித்தார். 14ஆம் தேதி விளையாட்டு நடுவர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. விளைவு கொடுமையானது என்பதை ஏற்றுக்கொண்டும், விதியை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை என்ற நிலையையே அது எடுத்தது.

இதில் ஒரு முரண் உண்டு. இறுதிக்குப் போனவரிடம் தோற்றவர் என்ற முறையில் சுசாகி வெண்கலப் போட்டிக்கு வந்து வென்றார். வினேஷின் வெற்றி, தோற்றவருக்குச் செல்லுபடியானது, வென்றவருக்கு ஆகவில்லை. முதல் நாள் முறையாக எடை நின்று ஆடிய ஆட்டங்களை இரண்டாம் நாள் எடை அழிப்பது நியாயமில்லை. இரண்டாம் நாள் குறைக்கு இரண்டாம் நாள் ஆட்டத்தை இழப்பதே போதிய தண்டனை. வெள்ளி அவருக்கு உரியது.