மண்டகப்பட்டு குடைவரைக் கோயில்

மண்டகப்பட்டு குடைவரைக் கோயில் (பொ.யு. ஏழாம் நூற்றாண்டு) விழுப்புரம் மாவட்டத்தில், விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டு கிராமத்திலுள்ள பாறையில் குடையப்பட்ட கோயில். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் எடுப்பித்தது. பல்லவர்களின் முதல் குடைவரையாக இதனை ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

கல்வெட்டு

இக்கோயிலின் வரலாற்றுச் சிறப்புக்குக் காரணம் இங்குள்ள கல்வெட்டு. பல்லவ கிரந்த எழுத்தில், சமஸ்கிருத மொழியில் அமைந்தது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இல்லாமல் பிரம்மன், ஈசன், விஷ்ணு ஆகிய மூவருக்காக விசித்திரசித்தன் என்னும் அரசன் இக்கோயிலை அமைத்ததாக அது தெரிவிக்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். கோயிலின் பெயர் 'லக்ஷிதாயதனம்'. லக்ஷிதன் என்பதும் அவனுடைய பட்டப்பெயரே.

மன்னன் விலக்கிய பொருட்களின் பட்டியல், அதற்கு முன் கோயில்கள் எவற்றால் கட்டப்பட்டன என்பதைக் காட்டுகிறது. அழியக்கூடிய அப்பொருட்களால் ஆன கோயில்கள் பெரும்பாலும் எஞ்சவில்லை. ஆகவே இச்சிறு கல்வெட்டு, மறைந்துபோன ஒரு கட்டடக்கலை மரபுக்கான சான்றாகவும் ஆகிறது.

தமிழகத்தில் பெருங்கற்காலம் முதல் கல் நீத்தார் நினைவோடு தொடர்புடையதாக இருந்தது. அதனால் இறைவனுக்குக் கல்லில் கோயில் எடுக்கத் தயக்கம் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. அவ்வாறெனில், இக்கல்வெட்டு அத்தயக்கத்தைக் கடந்ததன் அறிவிப்பாகும். ஆனால் தமிழகத்தின் முதல் குடைவரை இதுவே என்று கல்வெட்டு கூறவில்லை. பாண்டிய நாட்டுக் குடைவரைகள் சிலவற்றை இதற்கு முற்பட்டவையாகக் கருதுவோரும் உள்ளனர்.

அமைப்பு

முகப்பில் இரண்டு முழுத்தூண்களும் இரண்டு அரைத்தூண்களும் உள்ளன. தூண்களின் மேலும் கீழும் சதுரமாகவும், நடுப்பகுதி எண்பட்டைக் கட்டாகவும் அமைந்துள்ளன. தூண்கள் பருமனானவை, போதிகைகள் எளியவை. பிற்காலக் கோயில்களில் காணப்படும் வேலைப்பாடு மிக்க கபோதம் இங்கு இல்லை. உள்ளே மற்றொரு தூண்வரிசை முகமண்டபத்தையும் அர்த்தமண்டபத்தையும் பிரிக்கிறது. பின்சுவரில் மூன்று கருவறைகள் குடையப்பட்டுள்ளன.

கருவறைகளில் இப்போது திருமேனிகள் இல்லை. அவை சுதையாலோ மரத்தாலோ செய்யப்பட்டிருக்கலாம், அல்லது சுவரில் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கலாம் என ஆய்வாளர்கள் ஊகிக்கின்றனர். அது சரியென்றால், கட்டடத்திலிருந்து விலக்கப்பட்ட பொருட்கள் வழிபாட்டு உருவங்களில் தொடர்ந்தன எனலாம்.

சிற்பங்கள்

முகப்பின் இரு ஓரங்களிலும் உள்ள மாடங்களில் வாயிற்காவலர் சிற்பங்கள் உள்ளன. தண்டாயுதத்துடன் நிற்கும் இவை பல்லவர் கற்சிற்பங்களில் மிகப் பழமையானவற்றைச் சேர்ந்தவை. இங்குள்ள முதன்மையான உருவச் சிற்பங்களும் இவையே.

முக்கியத்துவம்

மகேந்திரவர்மன் தளவானூர், மாமண்டூர், சீயமங்கலம், மகேந்திரவாடி, திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களிலும் குடைவரைகளை எடுப்பித்தான். இம்மரபு மாமல்லபுரத்தின் ஒற்றைக்கல் ரதங்களாக வளர்ந்து, இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில் காஞ்சி கைலாசநாதர் கோயில் போன்ற கட்டுமானக் கற்றளிகளாக முதிர்ந்தது. அலங்காரம் குறைந்த மண்டகப்பட்டு, அந்த வளர்ச்சியின் தொடக்கநிலையைக் காட்டுகிறது.