பயிற்றுநர் ராஜகோபால்

ஸ்ரீ கெம்பாங்கானில் வாழும் எங்களுக்குப் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கம் அண்டை வீடு போன்றது. 1998ஆம் ஆண்டுக் காமன்வெல்த் போட்டிக்கென எழுந்த அவ்வரங்கின் கதையைச் சொல்வோர் கோலடித்தவர்களையே நினைவுகூர்வர். களத்தின் ஓரத்தில் நின்றவரை மறந்துவிடுவர். அங்ஙனம் மறக்கத்தகாத ஒருவர் கே. ராஜகோபால்.

சிலாங்கூர் மாநிலக் குழுவிலும் தேசியக் குழுவிலும் தாக்குதல் ஆட்டக்காரராக விளங்கிப் பின்னர்ப் பயிற்றுநரானவர் இவர். தோல்விக்கும் மறு ஆட்டத்துக்கும் இடைப்பட்ட நாள்களிலேதான் இவருடைய திறன் வெளிப்பட்டது என்பது என் கருத்து. 2009இல் லாவோசில் நடைபெற்ற தென்கிழக்காசியப் போட்டியின் பிரிவு ஆட்டத்தில் இவருடைய இளைஞர்கள் வியட்நாமிடம் 1–3 எனத் தோற்றனர். அதே வியட்நாமை இறுதியாட்டத்தில் 1–0 என வென்றனர். எதிரணி தன் வலைக்குள்ளேயே அடித்துக்கொண்ட கோல்தான் அது. எனினும் 20 ஆண்டுகளுக்குப் பின் கிட்டிய தங்கமன்றோ!

அவ்விளைஞருள் பலர் 2010ஆம் ஆண்டு ஆசியான் காற்பந்துக் கிண்ணப் போட்டியிலும் ஆடினர். முதற்கட்டத்தில் இந்தோனேசியா 5–1 என அவர்களைப் பந்தாடியது. டிசம்பர் 26ஆம் நாள் இறுதிச்சுற்றின் முதல் ஆட்டம் புக்கிட் ஜாலிலில் அதே அணியுடன். பிற்பாதியில் சாஃபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று என மூன்று கோல்கள் விழுந்தன. பார்வையாளர் சிலர் லேசர் ஒளியைப் பாய்ச்ச, ஆட்டம் சிறிது நேரம் நின்றது. அது நமக்குப் பெருமை தருவதன்று. மூன்று நாள் கழித்து ஜாகார்த்தாவில் தொடக்கத்திலேயே கிடைத்த பெனால்டியை இந்தோனேசியா தவறவிட்டது. அவ்வாட்டத்தில் 1–2 எனத் தோற்றும், 4–2 என்ற கூட்டுக் கணக்கில் மலேசியா அக்கிண்ணத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது.