இருபது ஆண்டுப் பந்தல்

வீட்டை இடிக்கிறோம், பந்தலைப் பிரிக்கிறோம். விழாவுக்கென எழுந்து விழாவோடு மறைவது பந்தல் என்பதை அவ்வினைச்சொல்லே உணர்த்திவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா தன் அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் கொண்டாட இரும்பாலும் கண்ணாடியாலும் இத்தகைய பந்தல்களை எழுப்பியது. 1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் எழுந்த கண்ணாடி மாளிகை அவற்றுள் பெயர்பெற்றது. அது பிரிக்கப்பட்டு, சிடனம் பகுதியில் மீண்டும் கட்டப்பட்டு, 1936இல் தீக்கிரையாயிற்று.

பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டையொட்டி 1889இல் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக ஒரே திடலில் இரண்டு பெரும் இரும்புப் படைப்புகள் எழுந்தன. ஒன்று, 300 மீட்டர் உயர ஈபெல் கோபுரம். மற்றொன்று, பொறிக்கூடம். நடுவே தூண் ஒன்றுமின்றி, 110 மீட்டர் அகலத்தை அதன் கூரை ஒரே வீச்சில் கடந்து நின்றது. பொறியியல் அருமையில் அது கோபுரத்திற்குச் சற்றும் இளைத்ததன்று என்பேன். எனினும் பொருட்காட்சிக்குப் பின் அதற்கு வாய்த்தவை வேளாண் கண்காட்சியும் மிதிவண்டிப் பந்தயமுமே. 1910இல் அதைப் பிரித்துவிட்டனர்.

கோபுரத்திற்கும் முதலில் அதே விதிதான். ஈபெலுக்குக் கிடைத்த உரிமம் 20 ஆண்டுகளுக்கே. எழுத்தாளர் மோப்பசான் உள்ளிட்டோர் 1887இலேயே கோபுரத்தைக் கண்டித்து மடல் வெளியிட்டிருந்தனர். ஈபெல் அழகை மட்டும் நம்பியிருக்கவில்லை. உச்சியில் வானிலை ஆய்வுக்கு இடமளித்தார்; மேலிருந்து பொருள்களை விழச்செய்து காற்றின் தடையை அளந்தார்; படைத்துறையின் கம்பியில்லாத் தந்தி ஆய்வுகளுக்குத் துணைநின்றார். செய்தி அனுப்ப அவ்வுயரம் இன்றியமையாததாயிற்று. 1910 முதல் உரிமம் மேலும் 70 ஆண்டுகளுக்கு நீண்டது.

பந்தல் நிலைத்ததால் அதன்மேல் எழுதிய பட்டியலும் நிலைத்துவிட்டது. முதல் தளத்தை ஒட்டி, நாற்புறமும் 72 அறிவியலாளர், பொறியாளர் பெயர்களை ஈபெல் பொறித்தார். லவாசியர், ஆம்பேர், ஃபூக்கோ எனத் தொடரும் அவ்வரிசையில் பெண் ஒருவரும் இல்லை. மீட்சித்தன்மையைக் கணிதத்தால் ஆராய்ந்து 1816இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்ற சோஃபி ஜெர்மேனுக்கும் இடமில்லை. காற்றுக்கு வளைந்து நிமிரவேண்டிய கோபுரத்தில் அவர் பெயர் விடுபட்டது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பெயர்கள் வண்ணப்பூச்சில் மறைந்தன. 1986-87இல் பூச்சை நீக்கி அவற்றை மீட்டபோதும் பட்டியலில் இருந்தவை அதே 72 பெயர்கள்தாம்.