மரத்தேரையின் வழிமரபு: காடா, கூண்டா?

தவளை, தேரை, நுணல் என நீர்நில வாழ் உயிர்களுக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. அவற்றுள் மரத்திலும் சுவரிலும் தொற்றி வாழும் மெல்லிய உடலுடையதை நாட்டு வழக்கில் தேரை என்பர். உள்ளீடின்றிப் போன தேங்காயைத் 'தேரை விழுந்த தேங்காய்' என்று இச்சிற்றுயிரின்மேல் பழிசுமத்துவதும் நம்மவர் வழக்கமே. கோல சிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரையுள்ள தோட்டப் பகுதிகளுக்கும் இது புதியதன்று. விரல்நுனித் தட்டுகளால் பற்றி ஏறி, நீர்த்தொட்டிக்கு மேலே நுரைக்கூடு கட்டி முட்டையிடும் இவ்வினத்துக்கு 1829ஆம் ஆண்டில் கிராவன்ஹார்ஸ்ட் என்னும் செருமானிய அறிஞர் அறிவியற்பெயர் சூட்டினார்.

மரத்தேரைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்ப்பது இன்று உலகெங்கும் பரவிய பழக்கம். வளர்ப்போர்முன் ஒரு வினா எழுகிறது: இவ்வுயிர் காட்டில் பிடிபட்டதா, கூண்டில் பிறந்ததா? உருவத்தைப் பார்த்து இதற்கு உறுதியான விடை கூறல் அரிது. வந்த வழியை அறிந்தே கூறவேண்டும்.

வந்த வழி அறியப்பட்ட உயிருக்குச் சான்று இவ்வட்டாரத்திலேயே உண்டு. பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டம் தமிழ்ப் பெயர் தாங்கியது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி பொக்கோனியே 1917இல் இங்குதான் மலாயாவின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை நிறுவினார். அப்பனைகளின் மரபு சுமத்திரா வழியாக, 1848இல் சாவகத்தின் போகோர் தோட்டத்தில் நட்ட நான்கு கன்றுகள்வரை செல்கிறது. ஏடுகள் இருந்தமையால் இது தெரிகிறது. தேரைக்கோ அத்தகைய ஏடு பெரும்பாலும் இல்லை.

தோற்றம் ஏமாற்றும் என்பதற்கு ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளையே சான்று. 1790இல் சான் ஒயிட் என்னும் மருத்துவர் அதனை 'நீலத் தவளை' எனப் பெயரிட்டு வெளியிட்டார். பதப்படுத்திய நீர்மத்தில் மஞ்சள் நிறமி அழிந்து, பச்சை உடல் நீலமாய்த் தோன்றியதே காரணம். பெயரில் நேர்ந்த பிழை இன்றும் நிலைக்கிறது. வளர்ப்பாரிடையே புகழ்பெற்ற இவ்வினத்தை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய ஆஸ்திரேலியா இசைவதில்லை. இந்தோனேசியப் பாப்புவாவிலிருந்து அது சந்தைக்கு வருகிறது.

ஏடு இருந்தாலும் அது மெய்யுரைக்க வேண்டும். அருகிவரும் உயிர்களின் வணிகம்பற்றிய 1973ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மலேசியா 1977இல் சேர்ந்தது. பட்டியலிலுள்ள உயிர் காட்டினதா, கூண்டில் பிறந்ததா என்பதை அதன் சான்றிதழில் குறிக்கவேண்டும். எனினும் இந்தோனேசியாவிலிருந்து 'கூண்டில் பிறந்தவை' எனச் சான்று பெற்றுச் சென்ற பச்சை மலைப்பாம்புகளுள் நூற்றுக்கு 80க்குக் குறையாதவை காட்டில் பிடிபட்டவை என 2011இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மரத்தவளை இனங்களுள் பெரும்பாலானவை அப்பட்டியலிலேயே இல்லை.

இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. தவளைகளின் தோலைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சை, உயிர் வணிகத்தோடு நாடுவிட்டு நாடு சென்றது. அதனால் 501 இனங்கள் குன்றின என்றும், அவற்றுள் 90 அற்றுப்போயிருக்கலாம் என்றும் 2019இல் அறிஞர் கணக்கிட்டனர். அப்பூஞ்சையின் பிறப்பிடம் கிழக்காசியா என 2018ஆம் ஆண்டு ஆய்வு சுட்டிற்று. ஆகவே வாங்கிய தவளையையும் அது வாழ்ந்த நீரையும் வெளியே விடுதல் தகாது.

தாய் தந்தை எவை, முட்டையிட்ட நாள் எது, வாற்பேரெச்சம் எத்தனை தேறின என்று எழுதிவைத்த குறிப்பே வளர்ப்பு மரபுக்கு உரிய சான்றாகும். அதைக் கேட்டுப் பெறாமல் வாங்குபவர் காட்டைக் கொள்ளையிடுவோர்க்குத் தம்மை அறியாமலே துணைபோகக்கூடும். தோட்டப்புறத்துத் தேரையையோ பிடிக்கவே வேண்டுவதில்லை. நீர்த்தொட்டியின் மேல் நுரைக்கூடு கட்டும் காலத்தில், மாணவர் அதை அங்கேயே கண்டு நாட்குறிப்பு எழுதலாம். தவளை தன் வாயால் கெடும் என்பது பழமொழி. ஆனால் தன் பிறப்பைச் சொல்ல அதற்கு வாயில்லை. வளர்ப்போர் எழுதும் ஏடே அதற்காகப் பேசவேண்டும்.