கொழும்பு வானில் ஹரிக்கேன்: ஒரு மாதிரியுரு கற்பிக்கும் வரலாறு

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியாக வைக்கப்பட்டது சிறுதேர்ப் பருவம். பெரியோர் வடம் பிடித்து இழுக்கும் தேரைக் கண்ட குழந்தை, தன் கைக்கு அடங்கிய தேரொன்றைத் தானும் உருட்டி மகிழ்கின்றது. பெரியதைச் சிறிதாக்கிக் காணும் இவ்விருப்பம் மனித இயல்பு. இவ்வியல்பைக் கலையாக வளர்த்தவர் நம் சிற்பிகள். கோயிலை ஒத்த உருவைச் சக்கரங்களின் மேல் ஏற்றித் தேரென வீதியிலே உலாவ விட்டனர். விரலளவிலும் தாலக் கணக்கிலும் பிழை நேர்ந்தால் உருவமே பிழைத்துவிடும் என்பது அவர்கள் கொள்கை.

இன்று நம் இளைஞர் சிலர் யுத்த விமானங்கள், போர்க்கப்பல்கள், தாங்கிகள் ஆகியவற்றின் மாதிரியுருக்களைச் செய்வதில் ஈடுபட்டு வருகின்றனர். மேசை முழுவதும் பிளாஸ்டிக் துண்டுகளும் பசையும் வர்ணக் குப்பிகளும் பரந்து கிடப்பதைக் கண்டு, "இது என்ன வீண் விளையாட்டு?" என்று பெரியோர் கடிந்துகொள்வதும் உண்டு. இரு சாராருக்கும் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. அரைகுறையாகச் செய்தால் அது விளையாட்டுத்தான். செவ்வனே செய்தால் அது வரலாற்றுக் கல்வி. அதிலும், எங்கோ ஐரோப்பாவிற் பறந்த விமானத்தைச் செய்வதைக் காட்டிலும், நம் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் மேலே பறந்து போரிட்ட ஹரிக்கேன் விமானத்தைச் செய்யப் புகுவோர் கற்பது பன்மடங்காகும்.

அந்தப் போர் எது? உயிர்த்த ஞாயிறு என்றதும் இன்று நம் நெஞ்சில் எழுவது 2019 ஆம் ஆண்டிலே கொச்சிக்கடையிலும் பிறவிடங்களிலும் நிகழ்ந்த பெருந்துயரம். அதற்கு 77 ஆண்டுகளுக்கு முன்னரும் ஓர் உயிர்த்த ஞாயிறு கொழும்பை நடுங்க வைத்தது. அது 1942 ஏப்ரில் 5 ஆம் திகதி. நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய யப்பானியக் கடற்படை அணி, வைஸ் அட்மிரல் நகுமோவின் தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் இந்து சமுத்திரத்துள் நுழைந்தது. முதல்நாள் மாலை, கொக்கலவிலிருந்து புறப்பட்ட கற்றலினா நீர்விமானம் ஒன்று அவ்வணியைக் கண்டது. கனடிய விமானப்படையின் ஸ்குவாட்றன் லீடர் லெனாட் பேர்ச்சலும் அவருடைய குழுவினரும் கண்ட செய்தியை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டனர். ஒன்பதின்மரில் மூவர் மாண்டனர், எஞ்சியோர் கைதிகளாயினர். ஆயினும் செய்தி கொழும்பை எட்டிவிட்டது.

மறுநாட் காலை ஏழரை மணிக்குப் பின், பூச்சிடா என்னும் தளபதி வழிநடத்திய சுமார் 125 விமானங்கள் கொழும்பை அணுகின. அவற்றை எதிர்கொள்ள இரு இடங்களில் ஹரிக்கேன்கள் நின்றன. இரத்மலானையில் 30 ஆம் அணி. கறுவாத்தோட்டத்துக் குதிரைப்பந்தயத் திடலைத் திருத்தி அமைத்த ஓடுபாதையில் 258 ஆம் அணி. முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தும், எதிரி விமானங்கள் தலைக்கு மேலே தென்பட்ட பின்னரே இரத்மலானை ஹரிக்கேன்கள் அவசர அவசரமாக மேலெழ வேண்டியதாயிற்று. கீழே நிற்பவன் மேலே நிற்பவனோடு பொருதுவது எத்துணைக் கடினம் என்பதை விளக்கவும் வேண்டுமோ? மேலெழுந்த ஹரிக்கேன்களில் ஏறத்தாழப் பாதி வீழ்ந்தன. டோப்பீடோக்களைச் சுமந்து வந்த ஆறு ஸ்வோட்பிஷ் விமானங்களும் தப்பவில்லை. யப்பானியர் இழந்தவை ஏழு விமானங்கள். துறைமுகத்தில் ஹெக்டர் என்ற துணைப் போர்க்கப்பலும் தெனடோஸ் என்ற நாசகாரிக் கப்பலும் அழிந்தன. முன்கூட்டியே கப்பல்கள் பல துறைமுகத்தை விட்டு அகற்றப்பட்டிருந்தமையால் சேதம் அவ்வளவோடு நின்றது.

இனி, இந்த ஹரிக்கேனை நம் மேசைமீது கொணர்வோம்.

முதலில் அளவு. மாதிரியுரு செய்வோர் பெரிதும் கைக்கொள்வது எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்னும் அளவு. 72 என்றதும் நம் பெரியோருக்கு மேளகர்த்தா இராகங்கள் நினைவுக்கு வரலாம். இங்கு அதன் காரணம் வேறு. ஆறடி உயர மனிதன் ஓர் அங்குலமாகச் சுருங்கினால் கணக்கு எளிதாகும். ஆறடிக்கு எழுபத்திரண்டு அங்குலம் அன்றோ? 1930களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலே 'ஸ்கைபேட்ஸ்' என்ற பெயரில் வெளிவந்த மர மாதிரிகள் இவ்வளவைப் பரப்பின. 1936 இல் வெளிவந்த 'புரொக் பெங்குவின்' பிளாஸ்டிக் மாதிரிகளும் இதனையே பின்பற்றின. ஹரிக்கேனின் இறக்கை விரிவு 40 அடி; மாதிரியில் ஆறே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பேர்ச்சலின் கற்றலினாவின் இறக்கை விரிவு 104 அடி. அது மாதிரியிற் பதினேழு அங்குலத்துக்கும் மேல். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், காவற்பணிக்கு அமைந்த விமானத்துக்கும் சண்டைக்கு அமைந்த விமானத்துக்கும் உள்ள வேற்றுமை ஒரு சொல்லும் இன்றி விளங்கும்.

இவ்வளவிலே ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால் உண்மை விமானத்தில் ஏறக்குறைய மூன்று அங்குலம் பிழைத்ததாகும். ஆதலால், மரத்திற் செதுக்குவோர் மேற்பார்வை, பக்கப்பார்வை, முன்பார்வை ஆகிய மூன்று வரைபடங்களையும் தடித்த அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, உப்புத்தாளால் தேய்க்குந்தோறும் அட்டையைப் பொருத்திப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்துவோரும் பெட்டியின் மேலுள்ள படத்தையே நம்பிவிடாது, அக்காலத்து நிழற்படங்களோடு ஒப்பிடல் வேண்டும். இறக்கையின் நடுப்பகுதி மட்டமாயிருக்கும். அதற்கு அப்பாற் சற்றே மேல்நோக்கிச் சாயும். சக்கரங்கள் உட்புறமாக மடங்குபவை. ஆகவே நிலத்தில் நிற்கும்போது கால்கள் அகன்று நிற்கும். குதிரைகள் ஓடிய திடலை ஓடுபாதையாக்கியபோது இந்த அகன்ற கால்கள் எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதை மாதிரியைச் செய்பவர் தாமே உணர்ந்துகொள்வர்.

விமானத்தின் பின்னுடலை நோக்குக. அது முழுவதும் உலோகத் தகடன்று. உலோகக் குழாய்ச் சட்டத்தின்மேல் மரச்சலாகைகள் அமைத்து, அவற்றின்மேல் துணியை இழுத்துப் போர்த்தியிருந்தனர். சலாகைகளின் வரி துணியினூடே மெல்லத் தெரியும். அவ்வரியை மாதிரியிற் காட்டுவது கடினம்; மிகுத்துக் காட்டினால் பட்டினிகிடந்தவனின் விலாவெலும்பு போலாகிவிடும். இத்துணி உடல் பழைய முறையாயினும் ஒரு நன்மை உடையது. குண்டு துளைத்த இடத்தை ஒட்டுப்போட்டு மறுநாளே பறக்கவிடலாம்.

துப்பாக்கிகளை எண்ணுமிடத்தும் ஆராய்ச்சி வேண்டும். ஹரிக்கேனின் முதல் வகை எட்டு இயந்திரத் துப்பாக்கிகளை உடையது. இரண்டாம் வகையில் 'பீ' எனப்பட்டது பன்னிரண்டு உடையது. குதிரைப்பந்தயத் திடலில் இருந்த 258 ஆம் அணியிடம் இரு வகையும் கலந்திருந்தன. எனவே "கொழும்பு ஹரிக்கேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஏதேனும் ஒன்றைச் செய்துவிட முடியாது. எந்த அணி, எந்த வகை என்று தீர்மானித்த பின்னரே கத்தியைக் கையில் எடுக்க வேண்டும்.

வர்ணத்திலும் ஒரு பாடம் உண்டு. பிரித்தானிய விமானங்களின் வட்டச் சின்னத்தின் நடுவில் 1942 ஏப்ரிலிற் சிவப்பு இருந்தது. யப்பானியரின் சின்னமோ முழுச் சிவப்பு வட்டம். விண்ணிலே கணப்பொழுதிற் கண்டு முடிவுசெய்ய வேண்டியவர்க்கு இது மயக்கந் தந்தமையால், பின்னர் இப்பிராந்தியத்துப் பிரித்தானிய விமானங்களிலிருந்து சிவப்பை நீக்கி, நீலமும் வெள்ளையும் மட்டும் வைத்தனர். நடுவிற் சிவப்பில்லாத சின்னத்தைத் தீட்டி "உயிர்த்த ஞாயிறு, 1942" என்று எழுதி வைப்பது, பொங்கற் பானையை வரைந்து தீபாவளி என்று பெயரிடுவதற்கு ஒப்பாகும்.

நண்பன் யார், பகைவன் யார் என்று அறிவதற்கு மாதிரியுருவே அக்காலத்தில் உதவியது என்பதையும் இங்கே குறிப்பிடல் தகும். 1942 இல் அமெரிக்கக் கடற்படை, தன் நாட்டுப் பாடசாலை மாணவரிடம் ஐந்து இலட்சம் விமான மாதிரிகளைச் செய்து தருமாறு கேட்டது. அவையும் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவினவே, கருநிறம் பூசப்பட்டவை. இத்தகைய மாதிரியை 36 அடி தூரத்தில் நின்று பார்த்தால், அரை மைலுக்கு அப்பாற் பறக்கும் உண்மை விமானம் போலவே தோன்றும். விமானிகளும் பீரங்கிப் படையினரும் இவற்றைப் பார்த்துப் பார்த்துப் பழகினர். பதினைந்து வயது மாணவன் இறக்கையின் வளைவைப் பிழையாகச் செதுக்கினால், எங்கோ ஒரு போர்வீரன் தன் தோழனையே சுட நேரலாம். சிறுபொருளிலும் உண்மை பிறழாதிருத்தல் உயிர்காக்கும் அறமாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஹரிக்கேனைச் செய்து முடித்தவர், அதன் எதிரியான ஸீரோ விமானத்தையும் அதே அளவிற் செய்து பக்கத்தில் வைத்தல் நன்று. இறக்கை விரிவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் எடையிலே ஹரிக்கேன் ஏறத்தாழ ஒரு தொன் மிகுதியானது. ஸீரோவின் விமானிக்குக் கவசத் தகடு இல்லை; எரிபொருட் கலத்துக்குக் காப்பும் இல்லை. அவ்வாறு குறைத்த பாரத்தினாலேயே அது நெடுந்தூரம் பறந்தது, சுருக்கமாகத் திரும்பியது. அதனோடு வட்டமிட்டுச் சண்டையிட முயன்ற ஹரிக்கேன்கள் தோற்றன. எனினும், குண்டு பட்ட ஸீரோ எளிதில் தீப்பற்றியது. வீரனின் உயிரைக் காப்பதா, விரைவைப் பெருக்குவதா என்ற கேள்விக்கு இரு நாடுகள் கூறிய இரு விடைகள் இவை. விடைகள் இரண்டும் விமானங்களின் உள்ளே மறைந்துள்ளன. புறத்தோற்றத்தை மட்டும் பார்ப்பவருக்கு அவை புலப்படா.

இவ்வளவும் விமானத்தைப் பற்றியன. ஆயின் விமானத்தை எதன்மேல் நிறுத்துவது? மாதிரியுருவுக்கு ஓர் அடித்தளம் வேண்டும். அதையும் கவனத்தோடு அமைக்க வேண்டும் என்பதே நம் கருத்தின் சாரம். வெறும் பலகையில் நிறுத்திய போர்விமானம் வீரத்தை மட்டும் பேசும். அதன் கீழே ஓர் ஊர் இருந்தது. துறைமுகத்தை அடுத்துக் கொட்டாஞ்சேனை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயில். காலைப் பூசைக்குக் கிறித்தவர் கூடிய புனித லூசியாள் பேராலயம். தெற்கே, நகருக்கும் இரத்மலானைக்கும் இடையே வெள்ளவத்தை. ஆடிவேல் இரதம் அசைந்து வரும் காலி வீதியின் மேலேதான் அன்று துப்பாக்கிகள் முழங்கின. அங்கொடை மனநோய் மருத்துவமனை மீதும் குண்டுகள் விழுந்தன. அன்று உயிரிழந்த பொதுமக்கள் 85 பேர் என்பர். விமானிகளின் பெயர்களைக் கூறும் நூல்கள் பல. இவர்களின் பெயர்களைக் கூறும் நூலைத் தேடத்தான் வேண்டும்.

பிறகு நகரம் வெறிச்சோடியது. துறைமுகத் தொழிலாளர் ஊர்களுக்கு ஓடினர். புகையிரதத்தில் இடம்பிடித்து யாழ்ப்பாணம் சென்ற குடும்பங்கள் எத்தனையோ. றோயல் கல்லூரிக் கட்டிடம் படையினரின் மருத்துவமனையாயிற்று. ஏப்ரில் 9 ஆம் திகதி திருக்கோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கி, இன்றும் அடியிலே கிடக்கின்றது. கொழும்பைத் தாக்கிய ஐந்து கப்பல்களில் மூன்று அவ்வாண்டு யூனில் மிட்வே சமரில் அழிந்தன. பேர்ச்சல் போர்க்கைதியாய் இருந்து மீண்டு, 2004 வரை வாழ்ந்தார்.

பேர்ள் துறைமுகத்தைப் பற்றித் திரைப்படம் பார்த்த நம் இளைஞருக்கு, அதே அணி நம் வீட்டுக் கூரைக்கு மேலே வந்தது தெரியாதிருத்தல் முறையா? அந்நாளைக் கண்ணாற் கண்டோர் இன்று மிகச் சிலரே. அவர்கள் வாயிலாகக் கேட்டவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். எந்த ஒழுங்கையில் பதுங்குகுழி வெட்டினர், எந்த வீட்டார் எந்த வண்டியில் ஊருக்குப் போயினர் என்பவற்றை அவர்கள் சொல்வார்கள், கேட்பார் இருந்தால்.

ஆகவே, இளைஞர்களே, ஹரிக்கேனைச் செய்யுங்கள். அளவு பிறழாமற் செய்யுங்கள். அடித்தளத்தில் உங்கள் தெருவையும் செய்யுங்கள். அத்தெருவில் ஓர் அங்குல உயரத்தில் மனிதர் சிலரை நிறுத்துங்கள். பெரியோரே, அவர்கள் மேசையருகே சென்று அமர்ந்து, நீங்கள் கேட்டறிந்தவற்றைச் சொல்லுங்கள். சொன்னதை அவர்கள் எழுதி, மாதிரியுருவின் அருகிலே வைக்கட்டும். காண வருவோர் முதலில் விமானத்தைப் பார்ப்பர். பின்னர் குனிந்து அந்த மனிதர்களைப் பார்ப்பர். குனிந்து பார்க்கும் அந்தப் பார்வையே வரலாற்றின் தொடக்கம்.